எம்டி பேர்ல நான் ஃபில் பண்ற ஃபார்ம்: மேனேஜ்மென்ட் ஆராய்ச்சி பண்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைல மேனேஜ்மென்ட் டிபார்ட்மென்ட்கள்ல பிஎச்டி பண்ற தம்பி தங்கச்சிகளுக்கும், அவங்களுக்கு கைடா இருக்கற சார் மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு ப்ரெஸ் ஷாப்ல ஸ்டோர்ஸும் ஈஆர்பியும் பாத்துக்கற ஆளு, ஈஆர்பினா பில்லு, ஸ்டாக், கணக்குனு கம்பெனி வேலை எல்லாத்தையும் ஒரே எடத்துல வெச்சு பாக்கற சாஃப்ட்வேர். பவர் ப்ரெஸ்ல ஷீட் மெட்டல் அடிச்சு ப்ராக்கெட், க்ளாம்ப், வாஷர்னு போடற கம்பெனி, கார் கம்பெனிக்கு நேரா சப்ளை கிடையாது, அவங்களுக்கு சப்ளை பண்றவங்களுக்கு நாங்க சப்ளை, டயர் டூனு சொல்வாங்க. டேட்டா என்ட்ரி ஆபரேட்டரா உள்ள வந்தேன், நடுவுல தபால் வழில எம்பிஏ முடிச்சேன், அதனால நீங்க எழுதறது எனக்கு ஓரளவு புரியும், உங்க பேப்பருங்கள தேடிப் படிக்கற கெட்ட பழக்கமும் உண்டு. பேர் மட்டும் வேணாம், என் பேரும் வேணாம் கம்பெனி பேரும் வேணாம்.

விஷயம் இதுதாங்க. வருஷா வருஷம் பொங்கல் முடிஞ்சதும் எங்களுக்கு கூகுள் ஃபார்ம் சீசன். "சிறு தொழில்களில் ஈஆர்பி பயன்பாட்டின் தாக்கம்", "டிஜிட்டல் மாற்றமும் செயல்திறனும்", இப்ப புதுசா "செயற்கை நுண்ணறிவும் சப்ளை செயினும்". லிங்க் எங்க எம்டி வாட்ஸாப்புக்கு வரும், அவர் ஒரு வரி கூட படிக்காம எனக்கு தள்ளி விட்டுடுவார், "ம்மா, இத கொஞ்சம் போட்டு விட்டுடு, தெரிஞ்சவர் பையன்". முதல் கேள்வியே உங்க பதவி என்னனு இருக்கும், மேனேஜிங் டைரக்டரா, பார்ட்னரா, சிஇஓவா. ஸ்டோர்ஸ் இன்சார்ஜ்னு ஒரு ஆப்ஷனே இருக்காது, ஸோ மேனேஜிங் டைரக்டர்னு ஒரு டிக். கொஞ்சம் கீழ போனா "உயர் நிர்வாகம் தகவல் தொழில்நுட்பத்துக்கு முழு ஆதரவு தருகிறது", முற்றிலும் உடன்படுகிறேன்ல ஆரம்பிச்சு முற்றிலும் மறுக்கிறேன் வரைக்கும் அஞ்சு வட்டம். சம்பளம் குடுக்கறவர் அவர், லிங்க் வந்தது அவர் போன்ல, நான் எந்த வட்டத்த அமுக்குவேன்னு நெனைக்கறீங்க?

இது எங்க ஒரு கம்பெனி கூத்துனு நெனச்சிடாதீங்க. அக்கவுன்ட்ஸ், ஈஆர்பி பாக்கறவங்க நாங்க ஒரு வாட்ஸாப் குரூப் வெச்சிருக்கோம், இ-இன்வாய்ஸ் போர்ட்டல், அதாவது ஜிஎஸ்டி பில்ல பதியற வெப்சைட், படுத்துட்டா "உங்களுக்கு ஓப்பன் ஆகுதா"னு கேட்டுக்கறதுக்காக ஆரம்பிச்சது. அங்க விசாரிச்சேன், ஏறக்குறைய எல்லாருக்கும் இதே வேலைதான், ஒரு அண்ணன் லஞ்ச் டைம்ல ஒரே மூச்சுல எல்லாத்துக்கும் 4 போட்டுட்டு போறதா சொல்றார், 5 போட்டா நம்ப மாட்டாங்களாம். அப்புறம் உங்க தீசிஸ்ல "உயர் நிர்வாக ஆதரவே ஈஆர்பி வெற்றிக்கு முக்கிய காரணி"னு ரிசல்ட் வருது. வராம என்ன பண்ணும்? உயர் நிர்வாகத்துக்கு மார்க் போட்டது அவர்கிட்ட வேலை பாக்கற நாங்க, அதுவும் அவர் பேர்லயே. கல்யாண வீட்டுல மொய் எழுத ஒக்காந்தவர் மூலைல இருக்க, மாப்பிள்ளைய கூப்பிட்டு எவ்ளோ மொய் வந்துச்சு, வசூல் திருப்தியானு கேட்டு எழுதிட்டு போற மாதிரி இருக்கு உங்க சர்வே.

சரி, எம்டியே ஒக்காந்து பொறுமையா ஃபில் பண்ணார்னே வெச்சுக்குவோம், கேள்வி சரியா இருக்கா? பாதி ஃபார்ம்ல "இந்த சிஸ்டம் பயனுள்ளதா இருக்கு", "பயன்படுத்த சுலபமா இருக்கு", "தொடர்ந்து பயன்படுத்த விரும்புகிறேன்"னு மூணு செட் கேள்வி வரும், இது எங்கேந்து வருதுனு தெரியும், ஃப்ரெட் டேவிஸ் 1989ல போட்ட மாடல். அவர் அத சோதிச்சு பாத்தது கனடாவுல ஐபிஎம் லேப்ல வேலை பாக்கறவங்ககிட்ட, மெயில், ஃபைல் எடிட்டர் மாதிரி சாஃப்ட்வேர் வெச்சு. அவங்களுக்கு புடிச்சா யூஸ் பண்ணலாம் புடிக்கலனா விட்டுடலாம். எங்க நெலம அப்படியா? இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபர்ல 500 கோடிக்கு மேல டர்ன்ஓவர் இருக்கறவங்களுக்குனு ஆரம்பிச்சுது, படிப்படியா எறங்கி எறங்கி 2023 ஆகஸ்ட்ல 5 கோடி தாண்டினவங்க எல்லாரும் போட்டே ஆகணும்னு வந்துடுச்சு. அந்த போர்ட்டல் குடுக்கற ஐஆர்என் நம்பர் வாங்காத பில்லு பில்லே இல்ல. இதுல வந்து "நீங்க பயன்படுத்த விரும்புகிறீர்களா"னு கேட்டா என்னத்த சொல்றது? அந்த மாடல் தப்புனு நான் சொல்லல. டேவிஸும் விஸ்வநாத் வெங்கடேஷும் சேந்து 2000லயே, விருப்பப்பட்டு யூஸ் பண்ற எடம் வேற கட்டாயத்துக்கு யூஸ் பண்ற எடம் வேறனு ரெண்டையும் பிரிச்சு பாத்து எழுதிட்டாங்க. நீங்க 1989லயே நின்னுட்டு அந்த கேள்விய அப்படியே எடுத்து தமிழ்ல போட்டு அனுப்பறீங்க, அதான் வருத்தம்.

எங்க நாள் எப்படி போகுதுன்னா, ஒரு லோடு வெளிய போகணும்னா ஈஆர்பில பில்லு போடணும், ஐஆர்என் வாங்கணும், சரக்கு ரோட்டுல போறதுக்கு இ-வே பில் போடணும், அப்புறம் கஸ்டமரோட போர்ட்டல்ல போய் அதே பார்ட் நம்பர் அதே குவான்டிட்டி அதே பில் நம்பர்னு ஏஎஸ்என், அதாவது சரக்கு வருதுனு முன்கூட்டியே ஒரு அறிவிப்பு, போட்டு அவங்க சொல்ற சைஸ்ல பார்கோட் ஸ்டிக்கர் எடுக்கணும். ஒவ்வொரு கஸ்டமருக்கும் ஒரு போர்ட்டல், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாஸ்வேர்டு, பாஸ்வேர்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ செத்துப்போகும், அதுவும் கரெக்டா மாசக்கடைசில சாகும். கணக்குப்படி நாங்க "முழுமையா டிஜிட்டல் ஆன நிறுவனம்". ஆனா ஒரே விஷயத்த நாலு எடத்துல கையால தட்டிட்டிருக்கோம், இதுக்கு உங்க ஃபார்ம்ல ஒரு கட்டம் கூட கெடையாது.

இப்ப ஒரு ப்ராக்கெட்டோட கதைய சொல்றேன், இதுக்காகத்தான் இந்த மடலே.

ஷீட் மெட்டல் சுருள், காயில்னு சொல்வோம், அது வர்றது கிலோ கணக்குல. ப்ரெஸ்ல அடிச்சு வர்றது எண்ணிக்கை கணக்குல. அத ஜிங்க் ப்ளேட்டிங்குக்கு வெளிய அனுப்பறோம், ஜாப் ஒர்க், ப்ளேட்டிங்காரர் ரேட்டு கிலோவுக்கு, அவர் பேரல்ல கொட்டி சுத்தறவர், ஒண்ணு ரெண்டுனு எண்ண மாட்டார். ஸோ டிசி, அதாவது டெலிவரி சலான், போடும்போது எண்ணிக்கையும் எழுதி எடையும் எழுதுவோம். திரும்பி வர்றது எடைல வரும், நாங்க அத பீஸ் எடையால வகுத்து எண்ணிக்கையாக்கி ஜிஆர்என், அதாவது சரக்கு வந்து சேந்ததுக்கான என்ட்ரி, போடுவோம். கஸ்டமருக்கு போறது மறுபடி எண்ணிக்கை. இவ்ளோதான், கேக்க சிம்பிளா இருக்குல்ல?

ஒரு ப்ராக்கெட் 42 கிராம்னு வெச்சுக்கங்க, 5000 பீஸ் அனுப்பறோம், 210 கிலோ. ஜிங்க் ஏறினா எடை கூடும்ல, 2 மில்லிமீட்டர் ஷீட்ல 8 மைக்ரான் கோட்டிங்னா ஒரு பீஸுக்கு சுமாரா 0.3 கிராம் கூடும். ஒண்ணும் தொலையாம எல்லாமே திரும்பி வந்தா 211.5 கிலோ வரும். சிஸ்டம்ல பீஸ் எடை பழைய 42தான் இருக்கு, வகுத்தா 5036 பீஸ் வந்ததா காட்டும். அனுப்பினது 5000, வந்தது 5036, பீஸு குட்டி போட்டுடுச்சு. சிரிக்காதீங்க, இதோட இன்னொரு பக்கம் மோசம். பேரல்ல 36 பீஸ் மாட்டிக்கிச்சு, இல்ல ப்ளேட்டிங் தொட்டிக்குள்ள விழுந்துடுச்சுனு வெச்சுக்கங்க, அப்ப சிஸ்டம் ஏறக்குறைய 5000னு சமத்தா காட்டும், எல்லாம் டேலினு நெனச்சிட்டு விட்டுடுவோம், காணாமப் போனது கணக்குக்கே வராது. அப்புறம் ஒரு நாள் கஸ்டமர் ஷெட்யூலுக்கு அள்ளும்போது ட்ரே காலியா இருக்கும், ஸ்க்ரீன்ல ஸ்டாக் இருக்கும். சிஸ்டம்ல ஐட்டம் விவரம் இருக்கற மாஸ்டர்ல ப்ளேட்டிங்குக்கு முன்னாடி ஒரு எடை, பின்னாடி ஒரு எடைனு ரெண்டு ஃபீல்டு இருந்தா பாதி பிரச்சனை தீரும், சாஃப்ட்வேர் வெண்டர்கிட்ட கேட்டா அது கஸ்டமைசேஷன், தனி சார்ஜ்ங்கறாங்க.

இதுக்கு மேல ஜிஎஸ்டில ஜாப் ஒர்க்குக்கு அனுப்பின பொருள் ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வரணும், வரலனா அனுப்பின அன்னிக்கே வித்ததா எடுத்துப்பாங்க, ஐடிசி-04ல அனுப்பினது வந்தது எல்லாம் காட்டணும். 5036 வந்துச்சுனு அதுல எப்படி போடறது? ஆடிட்டர் கேப்பார். அதனால 5000னு மாத்தி போடுவோம், சிஸ்டம் அழகா இருக்கும்.

எங்ககிட்ட ஸ்டோர்ஸ்ல ஒரு அண்ணன் இருக்கார், லாங் சைஸ் நோட்டு ஒண்ணு வெச்சிருப்பார், ட்ரே ட்ரேயா எழுதுவார். சிஸ்டம் 5036ங்கும், அண்ணன் நோட்ட பொரட்டிப் பாத்துட்டு "4970தான்மா இருக்கு, அதுல ஒரு ட்ரே ஓரத்துல பிசிறு, பர் அடிச்சிருக்கு, சார்ட் பண்ணாம அனுப்பிடாத"ம்பார். வண்டி கேட்ல நிக்கும்போது நாங்க நம்பறது நோட்டதான். உங்க பேப்பருங்கள்ல இவருக்கு ஒரு பேர் வெச்சிருக்கீங்க, மாற்றத்துக்கு எதிர்ப்பு தெரிவிக்கும் ஊழியர், பரிந்துரை என்னன்னா அவருக்கு பயிற்சி குடுக்கணுமாம். அவர் எதையும் எதிர்க்கலங்க, அவருக்கு தெரிஞ்சத எழுதறதுக்கு அந்த ஸ்க்ரீன்ல எடம் இல்ல. பயிற்சி குடுக்கணும்னா அவர்கிட்ட ஒரு வாரம் சாஃப்ட்வேர் எழுதறவங்கள ஒக்கார வைக்கணும்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப எஸ்டேட் பூரா தண்ணி நின்னுது உங்களுக்கே தெரியும். எங்க ஸ்டோர்ஸ் க்ரவுண்ட் ஃப்ளோர், காயில், ப்ளாங்க், முடிஞ்ச சரக்கு எல்லாம் முங்கி துருப்புடிச்சுது. டேட்டா க்ளவுட்ல பத்திரமா இருந்துச்சு, அதுல எல்லாருக்கும் ஒரு பெருமை வேற. இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார், மூணாம் தேதி கணக்குப்படி ஸ்டாக் ஸ்டேட்மென்ட் குடுங்கன்னார், பிரிண்ட் எடுத்து குடுத்தோம். பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார், இதுல எவ்ளோ இந்த பில்டிங்குக்குள்ள இருந்துச்சு, எவ்ளோ ப்ளேட்டிங்காரர்கிட்ட இருந்துச்சு? சிஸ்டம்ல எல்லாத்துக்கும் லொகேஷன் "மெயின் ஸ்டோர்ஸ்"தான், ஏன்னா லொகேஷன் மாத்தறதுக்கு தனியா ஒரு என்ட்ரி போடணும், வண்டி நிக்கற அவசரத்துல அத யாரும் போட்டதில்ல. எது உள்ள எது வெளிலனு பிரிச்சு எழுதியிருந்தது அண்ணனோட நோட்டுலதான், நல்ல வேளை அத மேல் ராக்குல வெச்சிட்டு போயிருந்தார். க்ளெய்ம் இழு இழுனு இழுத்துச்சு, அது வேற கதை. ஈஆர்பி இருந்தா "தகவல் துல்லியம் கூடும்"னு எழுதறவங்க யாராவது அன்னிக்கு எங்ககூட இருந்திருக்கணும்.

துல்லியத்த எப்படி ஆராயணும்னு உங்க ஆளுங்களே காட்டியிருக்காங்க. நிக்கோல் டிஹொரேஷியஸ், ஆனந்த் ராமன்னு ரெண்டு பேர் 2008ல ஒரு பேப்பர் போட்டாங்க, அமெரிக்காவுல ஒரு பெரிய ரீடெய்ல் கம்பெனியோட 37 கடை, கிட்டத்தட்ட 3,70,000 ஸ்டாக் ரெக்கார்டு, சிஸ்டம் சொல்றதையும் கைல எண்ணினதையும் பக்கத்துல வெச்சு பாத்தா 65 சதவீதம் ரெக்கார்டு டேலி ஆகல. அவ்ளோ பெரிய கம்பெனி, அவ்ளோ பெரிய சிஸ்டம், அங்கயே மூணுல ரெண்டு தப்பு. அதோட நிக்காம எந்த மாதிரி சாமான்ல தப்பு அதிகம், எத்தன தடவ எண்ணினா தப்பு கொறையுதுனு போய் பாத்தாங்க. "உங்க ஸ்டாக் துல்லியமா இருக்கா, 1ல இருந்து 5க்குள்ள சொல்லுங்க"னு அவங்க யாரையும் கேக்கல. சென்னைல பத்து ப்ரெஸ் ஷாப், பத்து ஃபாஸ்டனர் கம்பெனி எடுத்து இதையே யாராவது பண்ணியிருக்காங்களானு நானும் நம்ம ஊர் தீசிஸ் எல்லாம் போட்டு வெச்சிருக்கற ஷோத்கங்கா வெப்சைட்ல தேடு தேடுனு தேடினேன், என் கண்ணுல படல. படிச்சவங்க இருந்தா அனுப்புங்க, நெஜமாவே படிக்கணும்.

அடுத்தது டேப்லெட் விஷயம். போன வருஷம் எங்க மெஷின் பக்கத்துல ஆளுக்கொரு டேப்லெட் மாட்டினாங்க, மெஷின் நின்னா காரணத்த ஆபரேட்டர் செலக்ட் பண்ணணும், ஓஇஇ, அதாவது மெஷின் எவ்ளோ உருப்படியா ஓடுதுங்கற கணக்கு, தானா வரும், எம்டி ரூம்ல பெரிய டிவில கலர் கலரா ஓடும். ரெண்டு மாசம் டேட்டா சேந்ததும் பாத்தா மெஷின் நிக்கறதுக்கு நம்பர் ஒன் காரணம் பவர் ஃபெயிலியர்னு வந்துச்சு. எம்டி பெரிய ஜென்செட்டுக்கு கொட்டேஷனே வாங்கிட்டார். எனக்கு ஒதைச்சுது, அவ்ளோ கரண்ட் கட் எங்க இருக்கு இப்ப, போய் டேப்லெட்ட பாத்தா டிராப்டவுன்ல முதல் பேரே பவர் ஃபெயிலியர். கைல ஆயில், க்ளவுஸ், டச் வேலை செய்யாது, ஆபரேட்டர் ஷிப்ட் டார்கெட்ட தாண்டினாதான் இன்சென்டிவ், அவர் ஸ்க்ரோல் பண்ணி "டூல் செட்டிங் தாமதம்"னு தேடிட்டு நிப்பாரா, முதல்ல இருக்கறத தட்டிட்டு அடுத்த அடிக்கு போவாரா? அதுவும் பாதி நாள் சூப்பர்வைசர் ஷிப்ட் முடிஞ்சதும் ஒக்காந்து மொத்தமா போடறதுதான். வரிசைய மாத்திப் போட்டோம், அடுத்த மாசம் நம்பர் ஒன் காரணமும் மாறிடுச்சு.

இத பத்தி யோசிக்கும்போதுதான் சியால்கோட் பேப்பர் கண்ணுல பட்டுச்சு, பாகிஸ்தான்ல ஃபுட்பால் தைக்கற ஊர். டேவிட் அட்கினும் கூட இருந்தவங்களும் 2017ல எழுதினது, மெட்டீரியல் வேஸ்ட் கொறையற மாதிரி ஒரு புது கட்டிங் டை, அதாவது வெட்டற அச்சு, டிசைன் பண்ணி கம்பெனிங்களுக்கு ஃப்ரீயா குடுத்தாங்க, ஒரு வருஷத்துக்கு மேல ஆகியும் பெரும்பாலும் யாரும் அத தொடல. ஏன்னு உள்ள போய் பாத்தா, கட்டிங் பண்றவருக்கு பீஸ் ரேட்டு கூலி, புது டைல ஆரம்பத்துல கை ஓடாது, மிச்சமாகற ரெக்சின்னால லாபம் ஓனருக்கு, கொறையற கூலி இவருக்கு, ஸோ இது சரிப்படாதுனு ஓனர்கிட்ட சொல்லிடறாங்க. அப்புறம் சில கம்பெனில, புது டைய ஓட்டிக் காட்டறவருக்கு ஏறக்குறைய ஒரு மாச சம்பளம் போனஸ்னு அறிவிச்சதும் நெலம மாறுச்சு. அது சாஃப்ட்வேர் இல்லதான், ஆனா எங்க டேப்லெட்டும் அந்த டையும் ஒரே கேஸ்தான். என்ட்ரி போடற நேரம் யார் கூலில கை வைக்குதுனு கேட்டு ஒரு ஃபார்ம் எனக்கு இதுவரைக்கும் வந்ததில்ல.

செத்துப்போன ஈஆர்பிங்கள பத்தியும் யாரும் எழுத மாட்டேங்கறீங்க. ஃபார்ம்ல ரெண்டாவது கேள்வியே "உங்க நிறுவனத்தில் ஈஆர்பி பயன்பாட்டில் உள்ளதா", இல்லைனு அமுக்கினா நன்றினு சொல்லி மூடிக்கும். எஸ்டேட்ல எத்தன கம்பெனில லட்சக்கணக்குல குடுத்து வாங்கின சாஃப்ட்வேர் வெறும் பில்லு போட மட்டும் ஓடுது, எத்தன எடத்துல மொத்தமா தூக்கிட்டு டேலியும் எக்செலும் போதும்னு திரும்பிட்டாங்க, அவங்ககிட்ட இருக்கற பாடம் உங்க சாம்பிள்லயே வராது. எங்களோட முதல் சாஃப்ட்வேர் போன கதை சுருக்கமா சொன்னா, அத பாத்துக்கிட்ட பையன் நல்ல சம்பளத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் போயிட்டான், ஐட்டம் கோடு எந்த கணக்குல வெச்சிருக்கான்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும், அடுத்து வந்தவங்க ஒரே பார்ட்டுக்கு புதுசா புதுசா கோடு போட்டாங்க, கடைசில ஒரே ப்ராக்கெட் மூணு பேர்ல இருந்துச்சு.

இதுக்கும் ஒரு ஆராய்ச்சி இருக்கு. மும்பை பக்கத்துல நெசவு மில்லுங்கள்ல நிக்கோலஸ் ப்ளூமும் கூட்டாளிகளும் பண்ணது, 17 கம்பெனி, 28 ப்ளான்ட், ஆக்சென்ச்சர் ஆளுங்கள அனுப்பி மாசக்கணக்கா உள்ளயே இருந்து ஸ்டாக்க ஒழுங்கு பண்றது, டெய்லி குவாலிட்டி குறைய எழுதறதுனு எல்லாம் ஃப்ரீயா செஞ்சு குடுத்து, சும்மா அளந்து மட்டும் பாத்த ப்ளான்டோட ஒப்பிட்டாங்க. முதல் வருஷமே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடுச்சுனு 2013ல எழுதினாங்க. எனக்கு அதவிட புடிச்சது அவங்க பல வருஷம் கழிச்சு மறுபடி அதே மில்லுக்கு போனது. போய் பாத்தா சொல்லிக் குடுத்ததுல சுமார் பாதி விட்டுப்போச்சு. காரணம், பழகின மேனேஜர் வேலைய விட்டு போயிட்டார், முதலாளிக்கு நேரம் இல்ல. எங்க எஸ்டேட்டையே எட்டிப் பாத்து எழுதின மாதிரி இருந்துச்சு.

மேல இருக்கறவங்க விஷயம் ஒண்ணு சுருக்கமா. எங்க ஸ்டாக் என்னனு கஸ்டமர் போர்ட்டல்ல நாங்க தெனம் காட்டறோம், அவங்க லைன் நாளைக்கு ஓடுதா நிக்குதானு எங்களுக்கு தெரியாது, போர்ட்டல்ல ஒரு ஷெட்யூல், சாயங்காலம் போன்ல வேற ஒரு ஷெட்யூல். சப்ளை செயின்ல தகவல் கீழ எறங்க எறங்க ஆர்டர் எப்படி தாறுமாறா குதிக்கும்னு ஹாவ் லீ எல்லாம் 1997லயே எழுதியாச்சு, எம்பிஏல நானும் பரிட்சைக்கு எழுதினேன். பேமென்ட் மட்டும் எந்த டிஜிட்டலும் தொடாது, 45 நாளைக்குள்ள குறு சிறு கம்பெனிக்கு பணம் குடுக்கலனா அந்த வருஷம் செலவா காட்ட முடியாதுனு வருமான வரிச் சட்டத்துல 43பி(எச்) வந்தப்புறமும் "போர்ட்டல்ல ஜிஆர்என் ஆகல மேடம்"னு ஒரு பதில் ரெடியா இருக்கு. இத எவனாவது, மன்னிக்கணும், யாராவது ஆராய்ச்சி பண்ணுங்கப்பா.

பசங்க மேல மட்டும் குத்தம் சொல்லல. எனக்கு தெரிஞ்ச ஒரு பொண்ணு, பாவம், ஒவ்வொரு கேட்டா ஏறி எறங்கினா, செக்யூரிட்டி தாண்ட விடல. வெளி ஆள உள்ள விட்டா ரேட்டு லீக் ஆயிடும், கஸ்டமருக்கு நம்ம ஓட்டை தெரிஞ்சுடும்னு எங்க முதலாளிங்களுக்கு பயம், அது எங்க பக்க தப்பு. அந்தப் பக்கம் கைடு 300 சாம்பிள் இல்லாம வராதேங்கறார், எஸ்பிஎஸ்எஸ்னு ஒரு புள்ளிவிவர சாஃப்ட்வேர்ல போட்டு, பதிலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுதானு காட்டற அல்ஃபா நம்பர் 0.7 தாண்டணும், அதுக்கப்புறம்தான் அடுத்த சாப்டர். அவ என்ன பண்ணுவா, ஃபார்ம் லிங்க்க ஊர் பூரா அனுப்புவா. அல்ஃபா எப்படி தாண்டாம இருக்கும், எங்க வாட்ஸாப் குரூப் அண்ணன்தான் எல்லாத்துக்கும் 4 போடறாரே. இப்ப ஏஐ வேற வந்தாச்சு, கேள்வியும் அதுவே எழுதுது, பதிலையும் எங்க குரூப்ல சில பேர் அதுகிட்டயே கேட்டு போடறாங்க, நடுவுல மனுஷனே இல்லாம ஒரு தீசிஸ் முடிஞ்சாலும் ஆச்சரியப்படறதுக்கில்ல.

ஸோ கைடு சாருங்களுக்கும் மேடங்களுக்கும் என் வேண்டுகோள் என்னன்னா, ஒரு பையன ஒரு பொண்ண ரெண்டே ரெண்டு கம்பெனிக்கு அனுப்புங்க, ஆனா ஆறு மாசம் அனுப்புங்க, வாரத்துக்கு ரெண்டு நாள் வந்தாலும் போதும். சாம்பிள் சைஸ் ரெண்டானு வைவா பேனல்ல கேட்டா நீங்க பக்கத்துல நின்னு பேசுங்க. அவங்க ஸ்டோர்ஸ்ல நின்னு ஐம்பது ஐட்டம் எண்ணட்டும், எண்ணினத ஸ்க்ரீனோட ஒப்பிடட்டும், மாசா மாசம் அதையே திரும்ப எண்ணட்டும், எந்த ஐட்டம் எங்க நழுவுதுனு டிசிய புடிச்சிட்டு ப்ளேட்டிங்காரர் வரைக்கும் டெம்போல ஏறி போகட்டும். அந்த நோட்ட வாங்கி படிக்கட்டும், சிஸ்டம்ல இல்லாதது அதுல என்னென்ன இருக்குனு ஒரு லிஸ்ட் எடுத்தாலே ஒரு சாப்டர் வந்துடும். இந்த ஊர்ல ஒரு வசதி இருக்கு பாருங்க, ஈஆர்பி எழுதறவங்களும் இங்கதான் இருக்காங்க, ராம்கோ 90கள்லயே இந்த ஊர்ல ஒக்காந்து ஈஆர்பி போட்டவங்க, ஸோஹோ 1996ல வேற பேர்ல ஆரம்பிச்சு இன்னிக்கு உலகம் பூரா விக்கறாங்க, அவங்களுக்கும் எங்க ஷாப் ஃப்ளோருக்கும் நடுவுல ஒரு டிரெயின் ஒரு பஸ்ஸு தூரம்தான். நீங்க நடுவுல நின்னு எங்க ப்ராக்கெட் கதைய அங்க கொண்டு போனா, அந்த ரெண்டு எடை ஃபீல்டாவது எங்களுக்கு ஃப்ரீயா கெடைக்கும்.

இன்னொண்ணு, முடிச்சப்புறம் ரிசல்ட்ட எங்களுக்கும் அனுப்புங்க. இதுவரைக்கும் ஃபில் பண்ணின ஒரு ஃபார்முக்கு கூட என்ன ஆச்சுனு ஒரு வரி வந்ததில்ல. 250 பக்கம் வேணாம், தமிழ்ல ரெண்டு பக்கம், கேன்டீன் பக்கத்துல நோட்டீஸ் போர்டுல ஒட்டற மாதிரி. "அரசு விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்"ங்கற பரிந்துரைய மட்டும் எடுத்துடுங்க.

எங்க எம்டிகிட்ட பேசிட்டேன், ஒருத்தர உள்ள விட ஒத்துக்கிட்டார். ரேட்டு, கஸ்டமர் பேர் ரெண்டும் வெளிய போகக்கூடாது, போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி கேக்கணும், அவ்ளோதான் கண்டிஷன். குரூப்ல இன்னும் சில பேர் அவங்க முதலாளிகிட்ட கேட்டுட்டு சொல்றேன்னிருக்காங்க. வர்றவங்க மாசக்கடைசி அஞ்சு நாள் வேணாம், டெஸ்பாட்ச் ஓடும், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 முடியற வரைக்கும் என்னால பேசவும் முடியாது, 12ல இருந்து 18க்குள்ள வாங்க. சேஃப்டி ஷூ கட்டாயம், செருப்போட வந்தா கேட்லயே நிறுத்திடுவாங்க. அண்ணனுக்கு டீ டைம் பத்தரைக்கு, பேச்சு குடுக்கணும்னா அப்ப குடுங்க. லேப்டாப் இல்லனாலும் பரவால்ல, ஒரு லாங் சைஸ் நோட்டு கொண்டாங்க.

இப்படிக்கு,
அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு ஸ்டோர்ஸ் இன்சார்ஜ்